ஒரே பொட்டலம், இரண்டு உடம்பு

டீயிலிருந்து மெத்தாம்பெட்டமைன் வரை, நரம்பை முடுக்கிவிடும் பொருட்கள் ஆணிடம் ஒருவிதமாகவும் பெண்ணிடம் வேறுவிதமாகவும் நடந்துகொள்கின்றன. சிகிச்சை இன்னும் ஆணை மட்டுமே மனதில் வைத்திருக்கிறது. போதைக் கப்பல்களின் பாதையில் கிடக்கும் அந்தமானுக்கு இது வெறும் ஆராய்ச்சிச் செய்தி அல்ல.

புரோத்ராபூர் என்றதும் அந்தமான்வாசிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெயில். போர்ட் பிளேரை ஒட்டிய இந்தப் புறநகரில்தான் மாவட்டச் சிறை இருக்கிறது. (2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை மத்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியது. பேச்சில் பழைய பெயர் இன்னும் போகவில்லை.) மதிலைத் தாண்டினால் மற்றபடி சாதாரண ஊர். வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு நான்கும் ஒரே பஸ்ஸில் கேட்கும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்கு 15 பேருக்குத் தாய்மொழி தமிழ்.

இங்கே எந்தப் பெட்டிக்கடையிலும் மூன்று பொருட்கள் அருகருகே இருக்கும். பாய்லரில் டீ. தட்டில் பாக்கு, அதுவும் பெரும்பாலும் தீவிலேயே விளைந்தது. கயிற்றில் தொங்கும் புகையிலைப் பொட்டலம். வாங்குகிறவர்கள் இவற்றைப் போதைப் பொருள் என்று நினைப்பதில்லை. மருந்தியல் பாடப் புத்தகம் வேறு மாதிரி நினைக்கிறது. டீயில் காஃபின், பாக்கில் அரிகோலின், புகையிலையில் நிகோடின். மூன்றும் நரம்பு மண்டலத்தைத் தட்டி எழுப்பும் ஊக்கப் பொருட்கள்.

நான்காவது பொருள் கடலில் வந்தது. 2024 நவம்பர் 23 அன்று, கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் பேரன் தீவுக்கு அருகே சந்தேகத்துக்கிடமான ஒரு மீன்பிடிப் படகைக் கண்டது. இந்தியாவில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை இருக்கும் தீவு அது. படகு மடக்கப்பட்டு போர்ட் பிளேருக்கு இழுத்து வரப்பட்டது. உள்ளே மியான்மரைச் சேர்ந்த ஆறு பேர். இரண்டு இரண்டு கிலோவாகக் கட்டிய சுமார் 3,000 பொட்டலங்கள். மொத்தம் ஏறக்குறைய 6 டன் மெத்தாம்பெட்டமைன். கடலோரக் காவல்படை அதுவரை பிடித்ததில் மிகப் பெரிய போதைச் சரக்கு அது.

யார் அனுப்பினார்கள், எங்கே போக இருந்தது என்பது போலீஸ் பார்க்க வேண்டிய கேள்வி. டாக்டர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதை யாரும் அதிகம் கேட்பதில்லை. அந்தப் பொட்டலங்களில் ஒன்று கரைக்கு வந்து, ஒரு ஆணிடமும் ஒரு பெண்ணிடமும் சம அளவில் போய்ச் சேர்ந்தால் இருவருக்கும் நடப்பது ஒன்றுதானா?

இல்லை என்கிறது கடந்த முப்பது, நாற்பது ஆண்டு ஆராய்ச்சி.

டீயிலேயே தொடங்கும் வித்தியாசம்

காலையில் குடித்த டீயின் காஃபினில் பாதியை ஆரோக்கியமான ஒருவரின் கல்லீரல் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் கழித்துவிடும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு இந்த நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்னும் நீண்டு 15 மணி நேரத்தைக்கூட எட்டுகிறது. காஃபினை உடைக்கும் கல்லீரல் நொதியின் வேகத்தைப் பெண் ஹார்மோன்கள் குறைத்துவிடுவதே காரணம். நிறைமாதக் கர்ப்பிணி மாலை நான்கு மணிக்குக் குடித்த டீ விடியும்வரை அவர் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் எடுக்கும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதையும் கருதித்தான்.

நிகோடினில் கதை தலைகீழ். பெண்ணின் கல்லீரல் நிகோடினை ஆணைவிட வேகமாகக் கழிக்கிறது. கருத்தடை மாத்திரை எடுத்தால் இன்னும் வேகம். கர்ப்பத்தில் அதைவிட வேகம். ரத்தத்தில் நிகோடின் சீக்கிரம் இறங்கினால் அடுத்ததைத் தேடும் தவிப்பும் சீக்கிரம் வரும்.

அப்படியானால் நிகோடினை வேறு வழியில் கொடுத்தால் பெண்கள் சுலபமாக விட்டுவிட வேண்டும் அல்லவா? அதுவும் நடக்கவில்லை. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை ஆண்களுக்கு உதவும் அளவு பெண்களுக்கு உதவுவதில்லை என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் காட்டின. பெண்களின் பழக்கத்தில் நிகோடினின் பங்கு சற்றுக் குறைவு. வாசனை, ருசி, கையின் பழக்கம், கூட இருப்பவர்கள் இவற்றின் பங்கு அதிகம் என்பது ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம். வேறு விதமாக வேலை செய்யும் வெரனிகிளின் மாத்திரையில் இந்தக் குறை தெரியவில்லை. பெண்களுக்கு அது மற்ற சிகிச்சைகளைவிட நன்றாகவே வேலை செய்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சீட்டை எழுதிக் கொடுப்பது சரியல்ல என்பதற்கு இது ஒரு எளிய சான்று.

இந்தியாவுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. மேற்சொன்ன ஆராய்ச்சியில் பெரும்பகுதி சிகரெட் பிடிக்கும் மேல்நாட்டுப் பெண்களைப் பற்றியது. நம் பெண்கள் புகைப்பதில்லை; மெல்கிறார்கள். 2016-17ல் நடந்த உலகப் பெரியவர் புகையிலை ஆய்வின்படி இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவிகிதம், மெல்லும் புகையிலை பயன்படுத்துபவர்கள் 12.8 சதவிகிதம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஏதாவதொரு வகையில் புகையிலை பயன்படுத்தும் பெண்களின் தேசிய சராசரி 9 சதவிகிதத்தை ஒட்டி இருந்தது. அந்தமான் நிகோபாரில் அதைப்போல் பல மடங்கு. கடைக் கயிற்றில் தொங்கும் பொட்டலத்தை வாங்குவது ஆண் கை மட்டும் அல்ல.

மெல்லும் புகையிலை கருவை என்ன செய்யும் என்பதற்கு மும்பையிலேயே பதில் கிடைத்தது. 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2004ல் வெளியான ஆய்வில், புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைவாகப் பிறந்தன. பாக்கும் பாவமறியாதது அல்ல. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2003ல் கூடிய நிபுணர் குழுவின் மூலம் முடிவு செய்தது.

மூளையில் திறக்கும் மதகு

பெட்டிக்கடைச் சரக்கு மூளையைத் தட்டி எழுப்புகிறது என்றால் கடலில் வந்த சரக்கு மதகையே உடைக்கிறது. மெத்தாம்பெட்டமைன் புதிய பொருள் அல்ல. ஜப்பானிய வேதியியல் அறிஞர் நகாய் நாகயோஷி 1893ல் எபெட்ரினிலிருந்து இதைத் தயாரித்தார். 1919ல் அகிரா ஒகாடா இதைப் படிகமாக்கினார். அந்தமானை ஜப்பான் பிடித்து வைத்திருந்த 1942-45 காலத்தில் ஜப்பானிய விமானிகளும் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகளும் தூக்கத்தை விரட்ட இதே மருந்தைத்தான் விழுங்கினார்கள். போர் முடிந்ததும் மிச்சச் சரக்கு வெளிச்சந்தைக்கு வந்து நாடே போதையில் சிக்க, 1951ல் ஜப்பான் தனிச் சட்டம் போட்டு அதைத் தடுக்க வேண்டியதாயிற்று.

மருந்து செய்வது இதுதான். மூளையின் நரம்பு முனைகள் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சிறு பைகளில் சேமித்து வைத்து, தேவைக்கேற்ப சிறிதளவே வெளியே விடுகின்றன. வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல்களும் உண்டு. மெத்தாம்பெட்டமைன் அந்தப் பைகளைக் கசியவைத்து, வாசல்களையும் திருப்பிவிடுகிறது. உள்ளே இழுக்க வேண்டிய வாசல் வெளியே தள்ளத் தொடங்குகிறது. டோபமைன் வெள்ளமாகப் பாய்கிறது. பசி போகிறது, தூக்கம் போகிறது, உலகமே தன் காலடியில் என்ற தெம்பு வருகிறது. கூடவே ரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் ஏறுகின்றன. இந்த ஆட்டம் பல மணி நேரம் நீடிக்கிறது. உடலிலிருந்து மருந்தில் பாதி கழியவே பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பிறகு வருவது பள்ளம்: சோர்வு, எரிச்சல், சந்தேகம், மீண்டும் வேண்டும் என்ற வெறி.

அந்த டோபமைன் மதகின் மேல் இன்னொரு கையும் இருக்கிறது. அது ஈஸ்ட்ரோஜன்.

மாதக் கணக்கில் மாறும் போதை

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜில் பெக்கர் பல ஆண்டுகளாக எலிகளில் இதைப் பின்தொடர்ந்தவர். பெண் எலியின் சினைப்பையை அகற்றினால், ஊக்கப் பொருளுக்கு அதன் மூளை தரும் டோபமைன் பதில் மங்குகிறது. ஈஸ்ட்ரோஜனைத் திரும்பக் கொடுத்தால் பதிலும் திரும்புகிறது. ஆண் எலியின் விரையை அகற்றினால் அப்படிப்பட்ட மாற்றம் இல்லை. நெம்புகோலை அழுத்தி மருந்தைத் தானே எடுத்துக்கொள்ளும் சோதனையில் பெண் எலிகள் ஆண் எலிகளைவிட விரைவில் பழக்கத்துக்கு வந்தன.

எலிக்குச் சரி, மனிதருக்கு? 1999ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹேரியட் டி விட் குழு, ஆரோக்கியமான பெண்களுக்கு மாதவிடாய் சுழற்சியின் வெவ்வேறு நாட்களில் ஒரே அளவு ஆம்பெட்டமைன் கொடுத்தது. மாதவிலக்கிற்குப் பின், கருமுட்டை வெளியாவதற்கு முந்தைய முதல் பாதியில் போதையின் இன்பம் தூக்கலாக இருந்தது. புரோஜெஸ்டிரோன் கூடியிருக்கும் பின் பாதியில் அது தணிந்தது. கொகெய்ன் ஆய்வுகளிலும் இதே போக்கு தெரிந்தது. புரோஜெஸ்டிரோனை மாத்திரையாகக் கொடுத்தபோதும் பெண்களுக்குக் கொகெய்னின் கிறக்கம் குறைந்தது.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மெக்லீன் மருத்துவமனையில் ஸ்காட் லூகாஸ் குழு 1996ல் வெளியிட்ட சோதனை இன்னும் சுவாரசியமானது. ஆண்களும் பெண்களும் உடல் எடைக்கேற்ப ஒரே அளவு கொகெய்னை மூக்கால் உறிஞ்சினார்கள். ரத்தத்தில் ஏறிய உச்ச அளவு ஆண்களுக்கு அதிகம், பெண்களுக்குக் குறைவு. பெண்களிலும் சுழற்சியின் முதல் பாதிக்கும் பின் பாதிக்கும் வித்தியாசம் இருந்தது. ஆனால் இதயத் துடிப்பு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி எகிறியது. பெண்ணின் இதயத்தை ஓடவைக்கக் குறைந்த சரக்கே போதுமானதாக இருந்தது.

எல்லா ஆய்வும் ஒரே பக்கம் சாய்கின்றன என்று சொல்ல முடியாது. 2006ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, ஆம்பெட்டமைன் கொடுத்ததும் அதிக டோபமைன் வெளியேறியது ஆண்களுக்குத்தான். அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு மூளையின் சில பகுதிகளில் பெண்களுக்கே அதிகம் என்றது. ஹார்மோன், வயது, சுழற்சியின் நாள், மருந்து உள்ளே போகும் வழி எல்லாம் கணக்கை மாற்றுகின்றன. உறுதியாகத் தெரிவது ஒன்று: ஆணின் கணக்கைப் பெண்ணுக்கு அப்படியே போட முடியாது.

ஆண்களுக்கு இதில் ஆறுதல் தேட இடமில்லை. மெத்தாம்பெட்டமைன் டோபமைன் நரம்புகளையே அரித்துவிடும் சோதனைகளில் ஆண் எலிகளின் மூளைதான் அதிகம் சேதமானது. பெண் எலிகளை ஈஸ்ட்ரோஜன் ஓரளவு காத்தது. நடன விருந்துகளில் புழங்கும் எக்ஸ்டசி மாத்திரையை சூரிச்சில் ஆராய்ந்த குழு 2001ல் சொன்னதும் இப்படித்தான். மனதைக் குழப்பும் விளைவுகள் பெண்களுக்குக் கடுமை. ரத்த அழுத்தம் ஆண்களுக்கு அதிகம் ஏறியது. அதே மாத்திரையோடு தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து, ரத்தத்தில் உப்பு சரிந்து, மூளை வீங்கி ஆபத்துக்கு உள்ளாகிறவர்களில் இளம் பெண்களே அதிகம். ஒருவரை இதயம் கைவிடுகிறது, இன்னொருவரை உப்பு கைவிடுகிறது.

சளி மாத்திரை சொன்ன பாடம்

வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? இதற்குப் பதில் ஒரு சாதாரண மாத்திரையில் இருக்கிறது. பெனைல்புரொப்பனாலமின் என்ற ஊக்கப் பொருள் பல பத்தாண்டுகள் சளி மாத்திரைகளிலும், அமெரிக்காவில் பசியைக் குறைக்கும் மாத்திரைகளிலும் கலந்திருந்தது. மருந்துச் சீட்டே வேண்டாம். இளைக்க ஆசைப்பட்டு வாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

யேல் பல்கலைக்கழகத் தலைமையில் 43 மருத்துவமனைகளில், மூளையில் ரத்தக் கசிவுக்கு ஆளான 18 முதல் 49 வயது வரையிலான 702 பேரை ஆராய்ந்தார்கள். 2000ம் ஆண்டு வெளியான முடிவு அதிர்ச்சி தந்தது. பசி குறைக்கும் மாத்திரையாக இதை எடுத்த பெண்களுக்கு ரத்தக் கசிவு அபாயம் சுமார் 16 மடங்கு. ஆண்களிடம் அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த மாத்திரையை எடுத்த ஆண்களே ஆய்வில் இல்லாததால் அவர்கள் தப்பித்தார்கள் என்று சொல்லவும் முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அதே ஆண்டு நவம்பரில் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. இந்தியாவில் 2011ல்தான் தடை அறிவிப்பு வந்தது. அதுவும் நீதிமன்றப் படியேறியது.

இவ்வளவு காலம் ஏன் தெரியவில்லை? யாரும் பார்க்கவில்லை. கருத்தரிக்கும் வயதுப் பெண்களை மருந்துகளின் ஆரம்பக்கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977ல் அமெரிக்க நிர்வாகம் வழிகாட்டியது. கருவுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்பது நோக்கம். நல்லெண்ணம்தான், விளைவு வேறு. ஆண் உடம்பில் அளந்த டோஸ் பெண்ணுக்கும் டோஸாயிற்று. மாதச் சுழற்சி கணக்கைக் கெடுக்கும் என்று ஆய்வகங்களிலும் ஆண் எலிகளையே வைத்துக்கொண்டார்கள். 1993ல்தான் அந்த வழிகாட்டுதல் விலக்கப்பட்டது. 2013ல் ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையின் தொடக்க அளவைப் பெண்களுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகப் பாதியாக்கச் சொன்னார்கள். மாத்திரை சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகு வந்த ஞானம் அது. 2016 முதல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் விலங்கு ஆய்வுக்குப் பணம் கேட்பவர்களிடம் ஆண்-பெண் வித்தியாசத்தை எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள் என்று கேட்கத் தொடங்கின.

சட்டப்படி சீட்டில் எழுதப்படும் ஊக்க மருந்துகளிலும் இந்தக் கேள்வி இப்போதுதான் எழுகிறது. கவனச் சிதறல் கோளாறுக்கு மருந்து எடுக்கும் பெண்களில் சிலர், மாதவிலக்கிற்கு முந்தைய வாரத்தில் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வதுண்டு. நெதர்லாந்து டாக்டர்கள் அந்த நாட்களில் மட்டும் ஒன்பது பெண்களுக்கு டோஸைச் சற்று ஏற்றிப் பார்த்து, பலன் இருந்ததாக 2023ல் எழுதினார்கள். ஒன்பது பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். அந்தப் பெண்கள் சொன்னதைக் கற்பனை என்று தள்ளாமல் காதுகொடுத்துக் கேட்டதே புதிது.

பாதிப் பேர் அங்கே, ஐந்தில் ஒருவர் இங்கே

உடம்பின் வித்தியாசம் பாதிக் கதை; மீதிக் கதை வீட்டில் இருக்கிறது. பெண்கள் ஊக்கப் பொருளுக்கு வரும் வழியே வேறு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இளைக்க வேண்டும், வேலையும் வீடும் சேர்ந்து அழுத்தும்போது தூங்காமல் சமாளிக்க வேண்டும், அல்லது கணவனோ காதலனோ முதலில் நீட்டியது. சிகிச்சைக்கு வரும் பெண்களிடம், முதல் தடவைக்கும் அடிமையாவதற்கும் இடைப்பட்ட காலம் ஆண்களைவிடக் குறைவாக இருப்பதை டாக்டர்கள் பலமுறை பதிவு செய்துள்ளனர். பொதுமக்களிடம் எடுத்த எல்லாக் கணிப்புகளிலும் இது உறுதியாகவில்லை. ஆனாலும் சிகிச்சை மைய வாசலில் நிற்கும் பெண்ணுக்கு அவகாசம் குறைவு என்று எண்ணிச் செயல்படுவதே புத்திசாலித்தனம்.

அந்த வாசலுக்கு எத்தனை பெண்கள் வருகிறார்கள்? ஐ.நா.வின் 2022ம் ஆண்டு உலகப் போதைப் பொருள் அறிக்கையின்படி, ஆம்பெட்டமைன் வகைப் பொருட்களைப் பயன்படுத்துவோரில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். அதற்கான சிகிச்சை பெறுவோரில் ஐந்தில் ஒருவர் மட்டுமே பெண்.

இந்தியாவில் இந்தப் பழக்கம் இன்னும் பரவலாகவில்லை. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019ல் வெளியான தேசிய ஆய்வில், 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் 0.18 சதவிகிதத்தினர் ஆம்பெட்டமைன் வகைப் பொருட்களைப் பயன்படுத்தியதாகத் தெரிந்தது. ஆனால் சரக்கு எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் 2023ல் 190 டன் மெத்தாம்பெட்டமைன் பிடிபட்டது. 2024ல் 236 டன். பெரும்பகுதி மியான்மரின் ஷான் மாநிலத்து உற்பத்தி. அந்தமான் அந்தக் கடல் வழியின் ஓரத்தில் இருக்கிறது.

தீவு என்ற சிறிய சமூகத்தில் இந்தப் பொருள் என்ன செய்யும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் ஐஸ் எனப்படும் படிக மெத்தாம்பெட்டமைன் முதலில் வேரூன்றியது 1980களில் ஹவாய்த் தீவுகளில்தான். பின்னாளில் அதன் தலைநகர் ஹொனலூலு உட்பட நான்கு ஊர்களில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, கர்ப்பத்தில் மெத்தாம்பெட்டமைன் எடுத்த தாய்மாரின் குழந்தைகள் கர்ப்பக் காலத்துக்கேற்ற வளர்ச்சியின்றிச் சிறுத்துப் பிறக்கும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று 2006ல் தெரிந்தது. இந்த மருந்து மாதவிலக்கைத் தாறுமாறாக்கும். விலக்கு நின்றதால் கரு தங்காது என்று நம்பி, கர்ப்பமானது தெரியாமலே மாதங்களைக் கடத்தும் பெண்கள் உண்டு. தாய்ப்பாலிலும் மருந்து கலக்கும்.

சிகிச்சையிலும் கைவசம் அதிகம் இல்லை. மெத்தாம்பெட்டமைன் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது. நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியான் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையில் 13.6 சதவிகிதத்தினருக்குப் பலன் கிடைத்ததாக 2021ல் அறிவித்தார்கள். போலி மருந்தில் அது 2.5 சதவிகிதம். ஆலோசனை, குடும்பத்தின் துணை, சுத்தமாக இருந்த ஒவ்வொரு வாரத்துக்கும் சிறு பரிசு தரும் முறை ஆகியவையே இன்றைக்குக் கையிலுள்ள நல்ல ஆயுதங்கள்.

இந்த ஆயுதங்கள் எல்லாம் குடும்பத்தை நம்பி இருக்கின்றன. இங்கேதான் பெண் தோற்கிறாள். கணவன் போதையில் விழுந்தால் மனைவி கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவாள். மனைவி விழுந்தால் யார் அழைத்து வருவது? வெளியே தெரிந்தால் மகள் கல்யாணம் என்னாவது என்ற கேள்வி முதலில் வரும். குழந்தைகளை யாரிடம் விட்டுவிட்டு முப்பது நாள் மையத்தில் தங்குவது? நாட்டில் உள்ள மறுவாழ்வு மையங்கள் பெரும்பாலும் ஆண்களை மனதில் வைத்தே அமைந்தவை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த தீவில் இந்தத் தயக்கம் இன்னும் கனக்கும்.

சட்டம் இவர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. 1985ம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின்படி 50 கிராமுக்கு மேல் மெத்தாம்பெட்டமைன் வைத்திருந்தால் அது வணிக அளவு. குறைந்தது பத்தாண்டுச் சிறை. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையாகி, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவரை வழக்கிலிருந்து விடுவிக்க இடம் தருகிறது. 14446 என்ற இலவச தேசிய உதவி எண்ணில் பெயரை வெளியே சொல்லாமல் பேசத் தொடங்கலாம். போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் மருத்துவமனையும் அதனோடு சேர்ந்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. புரோத்ராபூர்வாசிக்கு அது எட்டிவிடும் தூரம்.

அங்கே, அல்லது நாட்டின் எந்த ஆஸ்பத்திரியிலும், போதைப் பழக்கத்தோடு வரும் பெண்ணிடம் வழக்கமாகக் கேட்பவை நான்கு: வயது என்ன, என்ன எடுத்தீர்கள், எவ்வளவு, எத்தனை நாளாக. இவற்றோடு இன்னும் மூன்றைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் இத்தனை ஆண்டு ஆராய்ச்சியின் நடைமுறைச் சாரம். கடைசியாக மாதவிலக்கானது எப்போது? கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா? கருத்தடை மாத்திரையோ வேறு ஹார்மோன் மருந்தோ எடுக்கிறீர்களா? இந்த மூன்று பதில்களும் டோஸையும், தவிப்பு கூடும் நாட்களையும், ஒரு குழந்தையின் எடையையும் தீர்மானிக்கக்கூடியவை.

6 டன் சரக்கைப் பிடிக்க விமானமும் கப்பலும் தேவைப்பட்டன. படிவத்தில் மூன்று வரிகளைச் சேர்க்க ஒரு பேனா போதும்.